‘கரண்ட் போயிட்டா சங்கு ஊதுமா, டீச்சர்?’

(மாவட்ட அளவிலான அறிவியல் பட்டதாரி ஆசிரியர்கள் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பாடநூலுக்கு வெளியே அறிவியல்’ என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவரிலிருந்து அறுபது அடி தூரத்தில் நிற்கும் ஓர் இரும்புக் கம்பத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அந்தக் கம்பத்தின் உச்சியில் நான்கு கூம்புகள். கீழே பூட்டிய இரும்புப் பெட்டி. நடுவில் ஒரு சோலார் பேனல். ஊரில் எல்லோரும் அதைச் ‘சங்கு’ என்றுதான் சொல்வார்கள். புயலோ சுனாமியோ வந்தால் ஊரை எச்சரிப்பதற்காக வைத்த சைரன்.

எங்கள் பள்ளி கடற்கரைக் கிராமத்துப் பள்ளி. பிள்ளைகளில் பெரும்பாலோர் மீனவக் குடும்பத்தவர். எட்டாம் வகுப்பில் ஒலியியல் நடத்திக்கொண்டிருந்தேன். அதிர்வெண், வீச்சு எல்லாம் கரும்பலகையில் எழுதியாகிவிட்டது. எடுத்துக்காட்டாக ஜன்னல் வழியே அந்தச் சங்கைக் காட்டினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “டீச்சர், புயல் வந்தா மொதல்ல கரண்ட்தானே போவும். கரண்ட் போயிட்டா இது எப்படி ஊதும்?”

“அதற்குச் சோலார் இருக்கிறதே” என்றேன்.

“புயல்ல வெயிலே அடிக்காதே டீச்சர்?”

பதில் சொல்லத் தெரியவில்லை. “நாளைக்குச் சொல்கிறேன்” என்று அமர்ந்துவிட்டேன். பதினேழு ஆண்டு அனுபவத்தில் இந்த ‘நாளைக்குச் சொல்கிறேன்’ எனக்குப் பழக்கமான வாக்கியம்தான். ஆனால் அந்தப் பையன் கேட்டது மதிப்பெண்ணுக்கான கேள்வி இல்லை. அவன் வீடு அலையிலிருந்து நூறு மீட்டரில் இருக்கிறது.

ஏன் சொந்த மின்சாரம்?

2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை 6.29 மணிக்கு சுமத்ரா அருகே நிலநடுக்கம் ஏற்பட்டது. அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த நேரத்தில் நம்மிடம் செய்தி இல்லை. இருந்திருந்தாலும் கரையில் இருப்பவர்களிடம் சேர்க்க வழி இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். அப்போது நான் பி.எட். மாணவி.

அதே நாளில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில் நடந்ததையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். அந்த ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். செய்தியைப் பார்த்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு ஒரு கிராம அறிவு மையம் நடத்திவந்தது. கடல் நிலவரம், மீன் விலை போன்றவற்றைச் சொல்ல அதில் ஒலிபெருக்கி இருந்தது. அதில் அறிவிப்புச் செய்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். ஒரு தொலைபேசி அழைப்பு, ஓர் ஒலிபெருக்கி, அதை இயக்க மின்சாரம், அறிவிப்பை நம்பி ஓடிய மக்கள். இந்த நான்கில் எது குறைந்திருந்தாலும் கதை வேறாகியிருக்கும்.

இன்று முதல் கண்ணி பலமாக இருக்கிறது. 2007 முதல் ஐதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஒடிசா அரசு 2018-இல் தன் 480 கிலோமீட்டர் கடற்கரையில் 122 சைரன் கோபுரங்களை நிறுவியது. செய்தி இப்போது நிமிடங்களில் வந்துவிடும். வந்த செய்தி கடைசி ஒரு கிலோமீட்டரைக் கடக்குமா என்பதுதான் கேள்வி.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது உங்களில் பலருக்கு நேரடி அனுபவம். லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. கம்பம் சாயும் முன்பே, காற்று வேகமெடுத்தவுடன் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அதாவது சங்கு தேவைப்படும் அந்த நேரத்தில்தான் மின்வாரியக் கம்பியில் மின்சாரம் இருக்காது. எனவே வெளிப்புற எச்சரிக்கைச் சங்கு தன் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மின்சாரம், ஒலி எழுப்பும் பகுதி, செய்தி வாங்கும் ரேடியோ அனைத்தும் ஒரே கம்பத்தில் இருக்க வேண்டும்.

ஊதும் விதம் இரண்டு

பழைய வகை, மோட்டார் சங்கு. மில்லிலும் தீயணைப்பு நிலையத்திலும் நாம் கேட்டது. துளைகள் கொண்ட ஒரு நிலையான உருளைக்குள், துளைகள் கொண்ட இன்னொரு உருளை சுழலும். துளைகள் நேருக்கு நேர் வரும்போது காற்று வெளியேறும், விலகும்போது தடைபடும். இப்படிக் காற்றை நறுக்குவதால் பிறப்பதுதான் அந்த ஊளை. 1819-இல் காக்னியார் த லா தூர் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் இந்த முறையில் ஒரு கருவி செய்து, அதற்கு ‘சைரன்’ என்று பெயரிட்டார். தண்ணீருக்குள்ளும் ஒலித்தது என்பதால் கிரேக்கக் கதைகளின் கடல் மோகினியர் பெயரை வைத்தார்.

இதில் ஓர் அழகான கணக்கு உண்டு. மோட்டார் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால் நொடிக்கு 50 சுழற்சி. உருளையில் 10 துளைகள் இருந்தால் நொடிக்கு 500 முறை காற்று நறுக்கப்படும். அதிர்வெண் 500 ஹெர்ட்ஸ். மோட்டார் வேகம் பிடிக்கும்போது சுருதி ஏறுவதும், நிறுத்தும்போது இறங்குவதும் ஏன் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

மோட்டார் சங்குக்கு மின்சாரம் அதிகம் வேண்டும். அதிலும் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். அதனால் பெரும்பாலும் மின்வாரிய இணைப்பையே நம்பி இருந்தது. அதிலிருந்து விடுபட அமெரிக்காவில் ஒரு முரட்டு வழி கண்டார்கள். 1952-இல் கிரைஸ்லர் நிறுவனம் 180 குதிரைத்திறன் கொண்ட கார் எஞ்சினையே சங்கில் பூட்டியது. நூறு அடி தூரத்தில் 138 டெசிபல். மின்சாரமே தேவையில்லை, பெட்ரோல் போதும். ஆனால் எப்போதோ ஒருமுறை ஓட்டும் எஞ்சின் அவசரத்துக்குக் கிளம்பாது என்பது வீட்டில் பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

இன்று கடற்கரைகளில் நிற்பவை பெரும்பாலும் மின்னணுச் சங்குகள். சுழலும் பகுதி எதுவும் இல்லை. பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயர், மேலே கூம்புகள். திருவிழா ஒலிபெருக்கியின் பெரிய அண்ணன் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். இதில் ஊளையும் ஊதலாம், பேச்சும் பேசலாம். பேட்டரியில் ஓடும்.

பெட்டிக்குள் இருக்கும் கணக்கு

அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். வெயில் இல்லாதபோது எத்தனை நாள் தாங்கும்? பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் போதும். எண்களை நம் வசதிக்கு வட்டமாக எடுத்துக்கொள்வோம்.

12 வோல்ட் பேட்டரிகள் நான்கு, தொடரிணைப்பில் 48 வோல்ட். ஒவ்வொன்றும் 100 ஆம்பியர் மணி. பெருக்கினால் 4800 வாட் மணி. ஈய அமில பேட்டரியை முழுவதும் காலி செய்தால் அதன் ஆயுள் கெடும். எனவே பாதிதான் நம் கையிருப்பு: 2400 வாட் மணி.

சங்கு ஊதும்போது 2000 வாட் எடுக்கிறது என்று கொள்வோம். ஒரு முறை மூன்று நிமிடம் ஊதினால் செலவு 100 வாட் மணி மட்டுமே. பிள்ளைகள் இதை நம்பவில்லை. “அவ்வளவு சத்தத்துக்கு இவ்வளவுதானா?” என்றார்கள். நேரம் குறைவு என்பதே காரணம்.

உண்மையில் சாப்பிடுவது வேறு. செய்திக்காக இரவும் பகலும் காது கொடுத்துக்கொண்டிருக்கும் ரேடியோவும் கட்டுப்பாட்டு அட்டையும்தான். இவை 15 வாட் எடுத்தாலும் ஒரு நாளைக்கு 360 வாட் மணி. அதாவது சங்கு ஊதுவதைவிட, ஊதுவதற்காகக் காத்திருப்பதுதான் செலவு. 2400-இல் மூன்று முறை ஊத 300-ஐ ஒதுக்கினால், மீதி 2100. அதை 360 ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஆறு நாள். வெயிலே இல்லாமல் ஆறு நாள் தாங்கும்.

மறுநாள் இதைக் கரும்பலகையில் போட்டதும் அந்தப் பையன் முகத்தில் ஒரு நிம்மதி. ஆனால் உடனே அடுத்த கேள்வி. “பேட்டரி ஃபுல்லா இருந்தாத்தானே டீச்சர் ஆறு நாளு?”

இந்தக் கேள்வியை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வருத்தப்பட்டேன். அதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

கம்பமும் உயரமும்

சங்கை ஏன் நாற்பது, ஐம்பது அடி உயரத்தில் வைக்கிறார்கள்? முதல் காரணம், வீட்டுக் கூரைகளையும் மரங்களையும் தாண்டி ஒலி பரவ வேண்டும். இரண்டாவது காரணம், அடியில் நிற்பவர் காது கெடக் கூடாது. கூம்புகள் ஒலியைப் பக்கவாட்டில் பரப்பும். நேர் கீழே குறைவாகவே விழும். பள்ளிக்கூட மொட்டை மாடியிலும் சில ஊர்களில் வைப்பதுண்டு. அப்போது கட்டடம் அந்தச் சுமையையும் காற்றின் இழுவையையும் தாங்குமா என்று பார்க்க வேண்டும். கீழ் வகுப்பறையில் இருப்பவர்களையும் நினைக்க வேண்டும்.

காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட பொறியாளர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். காற்றின் வேகத்தை மீட்டர்/நொடியில் எடுத்து, இருமடி செய்து, 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகப் புயல்காற்றை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 33 மீட்டர். கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 650 நியூட்டனுக்கு மேல். ஒரு சதுர மீட்டர் சோலார் பேனலை வளர்ந்த ஆள் ஒருவரின் எடை அளவுக்குக் காற்று தள்ளும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. பேனல் ஒரு பாய்மரம் போலத்தான். மீனவப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை; அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள்.

மின்கம்பங்களை நடும்போது நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் நடைமுறை. கடற்கரை மணலில் அது மட்டும் போதாது. அகலமான கான்கிரீட் அடித்தளம் போட்டு, போல்ட் வைத்து நிறுத்த வேண்டும். உப்புக்காற்றில் சாதாரண இரும்பு நிற்காது; துத்தநாகம் பூசிய இரும்பு, துருப்பிடிக்காத போல்ட் வேண்டும். உயரமாக நிற்பதால் இடிதாங்கியும், அதற்கு நல்ல எர்த்தும் வேண்டும்.

பெட்டியை எந்த உயரத்தில் வைப்பது? தரையோடு வைத்தால் பழுது பார்க்க வசதி. ஆனால் கடல்நீர் உள்ளே வந்தால் முதலில் மூழ்குவது பேட்டரி. மிக மேலே வைத்தால் எவரும் ஏறிப் பார்க்க மாட்டார்கள். பேட்டரியோ ஒவ்வொன்றும் முப்பது கிலோ எடை. வெள்ளம் எட்டாத, ஏணி எட்டுகிற உயரம்தான் சரி. எங்கள் ஊரில் பெட்டி இடுப்பு உயரத்தில் இருக்கிறது. 2004-இல் அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு வந்தது என்று பிள்ளைகளை வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். “தலைக்கு மேல” என்று எழுதி வந்தார்கள். இதையும் ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

சங்கு ஊதாத நாள்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஒரு சோதனை ஓட்டம் வைத்தார்கள். காலை பதினொரு மணி. வருவாய்த் துறையினர், ஊராட்சித் தலைவர், ஊர் நாட்டாமைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தேன். பதினொன்று அடித்தது. கூம்பிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் வந்தது. நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினார்கள். அதுவும் வரவில்லை.

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

பராமரிப்பவர் இரண்டு நாள் கழித்து வந்து பெட்டியைத் திறந்தார். மீட்டர் வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. “நல்லாத்தானே சார் இருக்கு?” என்றேன். “சும்மா இருக்கும்போது காட்டும் மேடம். வேலை கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும்” என்று சொல்லி, சுமையை இணைத்துக் காட்டினார். ஒரு பேட்டரி மளமளவென்று எட்டு வோல்ட்டுக்கு இறங்கியது. நீண்ட நாள் அரைகுறையாகவே சார்ஜ் ஆகி வந்ததால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிட்டதாம். தொடரிணைப்பில் ஒன்று கெட்டால் நான்கும் கெட்ட மாதிரிதான்.

“ஏன் சார்ஜ் ஆகவில்லை?” என்று கேட்டேன். அவர் மேலே கை காட்டினார். பேனலின் கீழ் ஓரத்தில் ஒரு பூவரச மரக்கிளையின் நிழல்.

அந்தப் பூவரசை நட்டவள் நான்தான். ஏழு ஆண்டுகளுக்கு முன் தேசிய பசுமைப் படை சார்பில் பிள்ளைகளுடன் சேர்ந்து நட்டேன். தண்ணீர் ஊற்றி வளர்த்தோம். அது கம்பத்தைத் தொடும் அளவுக்கு வளர்ந்ததைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். அதன் நிழலில் நின்றுதான் தினமும் மாலை பேருந்துக்குக் காத்திருப்பேன். அந்த நிழல் பேனல் மேலும் விழுகிறது என்பதைப் பல மாதமாகப் பார்த்திருக்கிறேன். பார்த்தேனே தவிர, யோசிக்கவில்லை.

பேனலில் கால்வாசிதான் நிழல், கால்வாசி மின்சாரம்தானே குறையும் என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. பேனலுக்குள் சிறு சிறு மின்கலங்கள் தொடரிணைப்பில் இருக்கின்றன. ஒன்றில் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுவதிலும் மின்னோட்டம் தடைபடும். இதைத் தவிர்க்க டயோடுகள் இருந்தாலும் இழப்பு நிழலின் அளவைவிடப் பெரிதாகவே இருக்கும். தொடரிணைப்பில் மின்னோட்டம் எங்கும் ஒன்றே என்று ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புக்கு நடத்துகிறேன். என் தலைக்கு மேலேயே அந்தப் பாடம் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஆண்டுக்கணக்கில் எவரும் பெட்டியைத் திறந்து பார்க்காதது ஒரு குறை. சுமை கொடுத்துச் சோதிக்காதது இன்னொரு குறை. ஆனால் என் பங்கை மறைத்துவிட்டு இந்த மேடையில் நிற்க முடியாது. மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம் சொன்னேன். “பேட்டரி ஃபுல்லா இருந்தாத்தானே” என்று கேட்டவனிடம், “நீ கேட்டதுதான் சரியான கேள்வி. நான்தான் காதில் வாங்கவில்லை” என்றேன்.

மரத்தை வெட்டலாமா என்று பேச்சு வந்தது. பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. பகல் பத்து மணி முதல் மூன்று மணி வரை நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு வாரம் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் கோடு போட்டார்கள். எந்தக் கிளை என்று கண்டுபிடித்து, அதை மட்டும் கவாத்து செய்ய ஊராட்சியிடம் மனு கொடுத்தோம். பேட்டரியும் மாற்றினார்கள். மரமும் நிற்கிறது, சங்கும் ஊதுகிறது.

கேட்காத வீடுகள்

மறுசோதனையில் சங்கு நன்றாக ஊதியது. கதை சுபமாக முடிந்தது என்று நினைத்தேன். அப்போது பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். ஊதும் நேரத்தில் அவரவர் வீட்டில் இருந்து, கேட்டதா என்று எழுதி வர வேண்டும். அறுபத்திரண்டு வீடுகளில் பத்தொன்பதில் ‘கேட்கவில்லை’ என்று வந்தது.

இது சங்கின் குறை இல்லை, பெயரிலேயே இருக்கிறது. அது ‘வெளிப்புற’ச் சங்கு. வெளியில் இருப்பவர்களுக்கானது. தடையே இல்லாத வெட்டவெளியில் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும். வீடும் மரமும் உள்ள ஊரில் 10 டெசிபல் குறையும் என்று கொண்டுதான் அமெரிக்காவில் திட்டமிடுகிறார்கள். 30 மீட்டரில் 120 டெசிபல் என்றால் 60 மீட்டரில் 110, 120 மீட்டரில் 100 என இறங்கி, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று முன்பே 70 ஆகிவிடும். கதவு ஜன்னலைச் சாத்திய வீட்டுக்குள் இன்னும் குறையும். டி.வி.யும் மின்விசிறியும் ஓடினால் அவ்வளவுதான். காற்றுக்கு எதிர்த்திசையில் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும். அந்தப் பக்கத்து வீடுகளுக்கு இன்னும் சிரமம். புயல் இரவில் மழைச் சத்தம் வேறு.

பத்தொன்பது தாள்களில் ஒரு தாள் என்னைத் தடுமாற வைத்தது. எங்கள் வகுப்பில் செவித்திறன் குறைபாடுடைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவள் ‘கேட்கவில்லை’ என்று எழுதி, கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள். ‘அம்மா மீன் விற்கப் போயிருந்தால் எனக்கு யார் சொல்வார்கள்?’

ஒலி பற்றி இவ்வளவு பாடம் நடத்திய எனக்கு அவள் நினைவு வரவில்லை.

இதற்கான பதிலை வகுப்பே தேடியது. செல்போன் அதிர்வு ஒரு வழி. 2023 முதல் நம் நாட்டில் செல்போன்களுக்கு மொத்தமாக அவசரச் செய்தி அனுப்பும் சோதனைகள் நடந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். கம்பத்தில் சுழல் விளக்கு இன்னொரு வழி. ஆனால் உடனே செய்யக்கூடியது, பக்கத்து வீடு. கேட்காத பத்தொன்பது வீடுகளுக்கும், முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் இருக்கும் வீடுகளுக்கும், சங்கு கேட்டவுடன் போய்க் கதவைத் தட்டப் பெரியவர் ஒருவர் பெயரைக் குறித்தோம். பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்பக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். அந்தப் பட்டியல் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. அவள் வீட்டுக்கு எதிர்வீட்டு ஆயா பெயர் இருக்கிறது. “டீச்சரம்மா, எனக்குக் காலுதான் வராது, அவ கைய புடிச்சா ரெண்டு பேரும் போயிருவோம்” என்றார் அந்த ஆயா.

ஊதினால் என்ன செய்வது?

சங்கின் பொருள் தெரியாவிட்டால் சங்கால் பயனில்லை. ஏறி இறங்கும் ஊளை அபாயம். ஒரே சீரான ஒலி அபாயம் நீங்கியது. இது நம் நாட்டுக் குடிமைப் பாதுகாப்பு முறை. 2025 மே 7-இல் நாடு முழுவதும் ஒத்திகை நடந்தபோது பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்ததும் இதுதான். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. அமெரிக்காவின் பல ஊர்களில் சீரான ஒலிதான் சூறாவளி எச்சரிக்கை. ஆகவே நம் ஊர்ச் சங்குக்கு என்ன பொருள் என்பதை நம் ஊரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹவாய் தீவுகளில் ஏறத்தாழ 400 சைரன்கள் இருக்கின்றன. மாதந்தோறும் ஊதிச் சோதிப்பார்கள். 2023 ஆகஸ்ட் 8-இல் அங்கு லஹைனா நகரம் காட்டுத்தீயில் எரிந்தபோது அவை ஊதப்படவே இல்லை. ஊதினால் மக்கள் சுனாமி என்று எண்ணி மலைப்பக்கம், அதாவது தீயை நோக்கி ஓடியிருப்பார்கள் என்று பொறுப்பதிகாரி காரணம் சொன்னார். அது பெரும் விமர்சனத்துக்கு உள்ளானது. சுமார் நூறு பேர் இறந்தனர். மறுபக்கம், 2017 ஏப்ரலில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் யாரோ ரேடியோ சமிக்ஞையைத் தவறாகப் பயன்படுத்தி, 156 சைரன்களையும் நள்ளிரவை ஒட்டி ஊதச் செய்துவிட்டார்கள். ஊத வேண்டியபோது ஊதாததும், ஊதக் கூடாதபோது ஊதியதும் ஒன்றையே கெடுக்கின்றன: மக்களின் நம்பிக்கையை. முதல் சோதனையில் எங்கள் பிள்ளைகள் சிரித்ததை நினைத்துப் பார்க்கிறேன்.

உங்கள் வகுப்பில்

ஒவ்வொரு ஊரிலும் சைரன் இருக்காது. ஆனால் செல்போன் கோபுரம், சோலார் தெருவிளக்கு, மில் சங்கு, கோயில் ஒலிபெருக்கி ஏதாவது ஒன்று இருக்கும். இவற்றில் ஒன்றை வைத்துச் சில செயல்பாடுகள் செய்யலாம்.

தொடக்க வகுப்பில்: பழைய அட்டையில் வட்டமாகத் துளையிட்டு, பம்பரம் போல் சுழற்றி, குழாயால் ஊதினால் சைரன் ஒலி கேட்கும். வேகமாகச் சுழற்றினால் சுருதி ஏறும்.

எட்டு, ஒன்பதாம் வகுப்பில்: ஒலி கேட்கும் இடங்களை ஊர் வரைபடத்தில் குறிக்கலாம். எந்த வீட்டுக்குக் கேட்கவில்லை, ஏன் என்று காற்றின் திசையோடு சேர்த்து விவாதிக்கலாம்.

பத்தாம் வகுப்பில்: நான் சொன்ன பேட்டரிக் கணக்கு. சிறிய சோலார் தகட்டை மல்டிமீட்டரில் இணைத்து, விரலால் ஓர் ஓரத்தை மறைத்தால் மின்னோட்டம் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கலாம். பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை. பெட்டியைத் திறக்கவோ, கம்பத்தில் ஏறவோ, வேலிக்குள் போகவோ பிள்ளைகளை அனுமதிக்காதீர்கள். வெளியிலிருந்து பார்ப்பதற்கே நிறைய இருக்கிறது: பேனல் மேல் தூசி, பறவை எச்சம், நிழல், துரு, பெட்டிக் கதவு, எர்த் கம்பி. எங்கள் பள்ளியில் ‘சங்கு நோட்டு’ என்று ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை இரண்டு பிள்ளைகள் இந்த ஆறையும் பார்த்து எழுதி, தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குவார்கள். குறை இருந்தால் அன்றே கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் போகும். செலவு, ஒரு நோட்டின் விலை.

முடிக்கிறேன். அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. சென்ற மாதம் அவன்தான் நோட்டு எழுதினான். ஆறு கட்டத்தையும் நிரப்பிவிட்டு, குறிப்பு என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தான்: ‘பூவரசு வடக்குக் கிளை ஒரு முழம் வளர்ந்திருக்கிறது. தீபாவளிக்குள் வெட்ட வேண்டும்.’ தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் என் கையெழுத்தையும் போட்டேன்.